மலைக்கோட்டை நிழலில் ஒரு நாள்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை. மாலைச் செபமாலை முடிந்து, கோவிற் கதவைத் தாழிட்டுவிட்டுப் பங்கு இல்லம் திரும்பினேன். திண்ணையில் நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன், தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல், தூணில் சாய்ந்து அமர்ந்திருந்தான். முகத்தில் களைப்பு, களைப்பைவிடக் கோபம் அதிகம்.

"என்ன தம்பி, திருச்சிக்குப் போன காரியம் முடிந்ததா?" என்று கேட்டேன்.

"இல்லை சாமி. நாள் பூராவும் போச்சு. ஒன்றும் நடக்கல" என்றான்.

நடந்தது இதுதான். உதவித்தொகைப் பணம் அவன் வங்கிக் கணக்கில் சேரவில்லை. கணக்கைப் புதுப்பித்துத் தரவேண்டும் என்றார்கள். காலையில் புறப்பட்ட பேருந்து அவனைப் பஞ்சப்பூரில் இறக்கிவிட்டது. 2025-ஆம் ஆண்டில் அங்குப் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டதுமுதல், வெளியூரிலிருந்து வருவோர் நகருக்குள் செல்ல இன்னொரு பேருந்து ஏறவேண்டியிருக்கிறது. வங்கியில் கூட்டம். அவன் முறை வந்தபோது கணினி இணைப்பு இல்லை. இணைப்பு வந்தபோது, கைப்பேசிக்கு ஓர் இரகசிய எண் வரும், அதைச் சொல் என்றார்கள். எண் வந்தது உண்மை. ஆனால் அது அவன் தந்தையின் கைப்பேசிக்கு வந்தது. தந்தையோ வயலில் இருந்தார்; கைப்பேசி மாட்டுக்கொட்டகையின் கூரையில் செருகியிருந்தது. பத்து நிமிடத்தில் அந்த எண் செல்லாததாகிவிடுமாம். மூன்று முறை வந்தது. மூன்று முறையும் மாடுகள்தாம் கேட்டன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையனுக்கு வருத்தம். "உங்க காலத்துல இதெல்லாம் இருந்திருக்காது சாமி" என்றான்.

இல்லைதான். அவனை உள்ளே அழைத்துச் சோறு போடச் சொல்லிவிட்டு, 1989-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இதே திருச்சிராப்பள்ளியில் நான் கழித்த ஒரு நாளைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். அவனுக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்கிறேன். அவனிடம் சொல்லாது விட்டதையும் சேர்த்து.

எங்கள் ஊர் இலால்குடிக்குக் கிழக்கே, வாய்க்காற் கரையோரம் இருக்கும் சிற்றூர். எனக்கு அப்போது வயது பதினெட்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் இடமும் கிடைத்திருந்தது. விடுதிக் கட்டணத்திற்குத்தான் வழியில்லை. சென்னையில் உள்ள ஓர் அறநிலையம் கிராமத்து மாணவர்களுக்கு உதவித்தொகை தருவதாக எங்கள் தலைமையாசிரியர் விண்ணப்பத்தாள் வாங்கித் தந்தார். மதிப்பெண் சான்றிதழின் நகல், அதில் அரசு அதிகாரி ஒருவரின் சான்றொப்பம், பத்து ரூபாய்க்கு டிமாண்டு டிராப்டு, இவையெல்லாம் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். மறுநாள் மறுநாளைக்குள் அது சென்னையில் இருக்கவேண்டும். உதவித்தொகை கிடைக்காவிட்டால் அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போகும் என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத செய்தி.

அதே வாரத்தில் எங்கள் கிணற்றில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. வேளாண் குடும்பத்தார்க்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் புட்வால்வு என்று ஒன்று இருக்கும். குழாயில் ஊற்றிய தண்ணீர் கீழே வடிந்துவிடாதபடி அதனுள்ளே ஒரு தோல் வாசர் தடுத்து நிற்கும். அந்தத் தோல் இற்றுப்போனால், எத்தனை குடம் ஊற்றினாலும் குழாய் நிற்காது. மோட்டார் வெறுமனே இரையும். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வந்து சேரவில்லை. நாற்றங்காலில் விதைவிட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. தண்ணீர் பாய்ந்து மூன்று நாள். மண் வெடிப்பு விடத் தொடங்கிவிட்டது.

முந்தின இரவு அப்பா ஒரு நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன்மேல் பழைய வாசரை வைத்துப் பென்சிலால் வட்டம் வரைந்தார். நடுவில் துளைக்கும் ஒரு வட்டம். தாளை என்னிடம் தந்து சொன்னார்: "போனதும் முதல்ல இதை வாங்கிடு. நம்ம ஊர் பஸ் ஒன்பதே முக்காலுக்குச் சத்திரத்திலேர்ந்து திரும்பும். கண்டக்டர் கையில குடுத்துவிடு. பதினொன்றரைக்கு நான் ஸ்டாப்புல நிப்பேன். அப்புறம் நாளெல்லாம் உனக்குத்தான், உன் வேலையைப் பாரு."

இதைவிடத் தெளிவாக ஒரு காரியத்தைச் சொல்ல முடியாது.

விடிந்தும் விடியாததுமாகப் பேருந்து ஏறினேன். இலால்குடி தாண்டி ஒரு இரயில்வே கேட். அடைத்திருந்தது. சரக்கு வண்டி ஒன்று நிதானமாக ஊர்ந்து சென்றது. அது போனபின்னும் கேட் திறக்கவில்லை, எதிர்த்திசையில் இன்னொன்று வந்தது. பேருந்தில் இருந்த பெரியவர் ஒருவர் இறங்கி வேப்பங்குச்சி ஒடித்துப் பல் துலக்கி முடித்தார். அதற்குப்பின் நம்பர் ஒன் டோல்கேட். அதை அடுத்துக் கொள்ளிடத்துப் பழைய பாலம். 1928-இல் கட்டப்பட்ட அந்த இரும்புப் பாலத்தில் இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் ஓட்டுநர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வர். அன்று வைக்கோல் வண்டி ஒன்று முன்னே சென்றது. மாட்டின் நடைக்கு எங்கள் பேருந்தும் நடந்தது. (பிற்காலத்தில் பக்கத்திலேயே அகலமான புதிய பாலம் வந்தது. பழைய பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் சரிந்து விழுந்ததைச் செய்தித்தாளில் கண்டபோது, உறவினர் ஒருவர் இறந்த செய்திபோல் இருந்தது.) திருவானைக்காவல் தாண்டிக் காவிரிப் பாலம் ஏறியதும் மலைக்கோட்டை தெரிந்தது.

திருச்சியில் கடிகாரம் இல்லாதவனுக்கு மலைக்கோட்டைதான் கடிகாரம். என்னிடம் கடிகாரம் இல்லை. 83 மீட்டர் உயரமுள்ள அந்த ஒற்றைப்பாறை நகரின் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு மூலையில் தலைகாட்டும். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். மேலேறும் வழியில் 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகை. மேற்கே மெயின்கார்டு கேட் பக்கம் நின்று பார்ப்பவனுக்குக் காலையில் அது கரிய நிழலாய்த் தோன்றும், சூரியன் அதன் பின்னால் இருப்பதால். உச்சிப்பொழுதில் சாம்பல் நிறம். மாலையில் மேற்கு வெயில் பட்டுத் தேன் நிறம். அன்று அந்த மூன்று நிறங்களையும் நான் பார்த்தேன்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது மணி ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மெயின்கார்டு கேட் வழியாக நடந்தேன். பழைய கோட்டையின் மேற்கு வாயில் அது. கோட்டைமதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, அவ்விடத்தில் சாலைகள் போடப்பட்டன. ஆங்கிலேயர் அவற்றுக்கு 'பூல்வார்டு' என்று பெயர் வைத்தனர். நம் மக்கள் வாயில் அது 'புலிவார்டு' ஆயிற்று. மேலப் புலிவார்டு ரோடு, கீழப் புலிவார்டு ரோடு என்றே இன்றும் வழங்குகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அங்கு ஒரு காலத்தில் புலி இருந்தது என்று நம்பினோம். அந்தச் சாலையில்தான் பம்புசெட்டுச் சாமான்கள் விற்கும் கடை.

கடை பாதி திறந்திருந்தது. கடைக்காரர் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். உள்ளே சாமிபடத்துக்குப் பூப்போட்டு, ஊதுவத்தி கொளுத்தி, பிறகுதான் முதல் வியாபாரம் என்பது அவர் வழக்கம் போலும். நான் தாளை நீட்டினேன்.

"பத்து நிமிஷம் தம்பி. உட்காருங்க" என்றார்.

பத்து நிமிடம். ஒன்பதே முக்காலுக்குப் பேருந்து. நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் என் மனத்தில் வேறொரு கணக்கு ஓடியது. ஜெராக்ஸ் கடையில் கூட்டம் சேருமுன் போய்விட்டால், சான்றொப்பம் வாங்கிவிடலாம். பத்து மணிக்கு வங்கி திறக்கும்போது முதல் ஆளாய் நிற்கலாம். வங்கியில் பொதுமக்களுக்கு நேரம் அந்நாளில் பத்து முதல் இரண்டு வரைதான். முதலில் நகலை எடுத்துவிடுவோம், ஐந்தே நிமிடம், திரும்பும் வழியில் வாசரை வாங்கினால் போயிற்று என்று நினைத்தேன். "இதோ வருகிறேன் அண்ணே" என்று சொல்லித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

ஜெராக்ஸ் இயந்திரம் அந்நாளில் எல்லாத் தெருவிலும் இருக்காது. பெரிய கடைவீதியை ஒட்டிய ஒரு சந்தில் ஒன்று இருந்தது. போனவுடன் என் சான்றிதழை வாங்கிக் கண்ணாடிமேல் வைத்து மூடினார் கடைப்பையன். பச்சை வெளிச்சம் ஒரு முறை நகர்ந்தது, பாதியில் நின்றது. கரண்டு போயிற்று.

"வந்துடும், இருங்க" என்றான்.

இருந்தேன். கடைக்காரர் பூப்போடும் பத்து நிமிடத்தைப் பொறுக்காதவன், அந்தச் சந்தில் ஏறத்தாழ முக்கால் மணிநேரம் இருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு எங்கள் ஊர்ப் பேருந்து சத்திரத்தை விட்டுப் புறப்பட்டிருக்கும். நான் நின்ற இடத்திலிருந்து ஓடினால் இன்னும் பிடிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சான்றிதழ் இயந்திரத்துக்குள் இருந்தது. வாசரோ கடையில் இருந்தது. எதை எடுத்துக்கொண்டு ஓடுவது?

கரண்டு வந்ததும் நகலைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, சான்றொப்பம் தேடிப் புறப்பட்டேன். பச்சை மையில் கையெழுத்திடும் உரிமை பெற்ற அதிகாரி ஒருவரை நம் தலைமையாசிரியருக்குத் தெரியும். அவருடைய அலுவலகத்துக்குச் சென்றேன். அதிகாரி உள்ளே கூட்டத்தில் இருக்கிறார் என்று கடைநிலை ஊழியர் சொன்னார். வராந்தாவில் நீண்ட பெஞ்சு. பதினொன்றேகாலுக்கு அழைத்தார்கள். அதிகாரி நல்லவர். பேனாவைத் திறந்தார். "அசல் எங்கே?" என்றார்.

பையைத் திறந்தேன். அசல் இல்லை. அது ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடிக்குக் கீழே, கண்ணாடிமேல் குப்புறப் படுத்திருந்தது.

இந்தத் தவற்றை வாழ்நாளில் ஒரு முறையேனும் செய்யாத மாணவர் இருப்பரோ? நான் ஓடிய ஓட்டத்தைச் சொல்லவேண்டாம். கடைப்பையன் அதை எடுத்துப் பத்திரமாய் ஒரு அட்டைக்குள் வைத்திருந்தான். திரும்ப அலுவலகம் சென்று பச்சைக் கையெழுத்தும் வட்ட முத்திரையும் பெற்று வங்கியை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. மாதத்தின் முதல் வாரம். பொன்மலை இரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் பலர் ஓய்வூதியம் வாங்க வந்திருந்தார்கள். வரிசை வாசற்படி வரை நின்றது.

என் முன்னால் நின்ற முதியவரின் கையெழுத்து, வங்கிப் பேரேட்டில் இருந்த கையெழுத்தோடு ஒத்துவரவில்லை. கை நடுக்கம். எழுத்தர் மீண்டும் போடச் சொன்னார். அவர் மீண்டும் போட்டார். முதலில் போட்டதைவிட மோசமாக வந்தது. நாற்பதாண்டுக் காலம் இரும்பைத் துல்லியமாகக் கடைந்த கை என்று பக்கத்தில் நின்ற அவருடைய தோழர் சொன்னார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், நானும்தான். இரண்டு மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள் என்ற ஒரே எண்ணம். கடைசியில் மேலாளர் வந்து, கைரேகை பெற்றுக்கொண்டு பணம் கொடுக்கச் சொன்னார். கைரேகை வைக்கச் சொன்னபோது முதியவர் தலைகுனிந்தார். "எனக்கு எழுதத் தெரியும் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

என் பத்து ரூபாயும் கமிஷனும் கட்டி, பித்தளை டோக்கனை வாங்கினேன். டிராப்டில் கையெழுத்திட வேண்டிய இரண்டாவது அதிகாரி உணவுக்குச் சென்றுவிட்டார், மூன்று மணிக்கு மேல் வந்து பெற்றுக்கொள் என்றார்கள்.

இப்போது கடைக்குப் போனால் என்ன? போனேன். கதவு சாத்தியிருந்தது. மதிய உணவு நேரம்.

அம்மா கட்டித்தந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு லூர்து அன்னை ஆலயத்தின் நிழலுக்குச் சென்றேன். தெப்பக்குளத்தின் பக்கத்தில் அக்கோவிலின் கூரிய கோபுரம் நிற்பதைத் திருச்சி கண்ட வாசகர் அனைவரும் அறிவர். ஒரு புறம் அந்தக் கோபுரம், மறுபுறம் மலைக்கோட்டை. இரண்டின் நிழலும் விழும் இடத்தில் ஒரு நகரம் தன் வியாபாரத்தை நடத்திக்கொண்டிருக்கிறது. அருகிலேயே தூய வளனார் கல்லூரி. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்டு 1883-இல் திருச்சிக்கு மாற்றப்பட்ட கல்லூரி அது. அப்துல் கலாம் அவர்கள் பயின்று 1954-இல் பட்டம் பெற்ற இடம். மணி அடித்ததும் மாணவர்கள் வெள்ளம்போல் வெளியே வந்தார்கள். அவர்களுடைய சட்டைகளையும் செருப்புகளையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் சட்டைப்பையிலிருந்து அந்த நாட்காட்டித் தாள் கீழே விழுந்தது. இரண்டு வட்டங்கள். மணி இரண்டாகியிருக்கும். பதினொன்றரைக்குப் பேருந்து நிறுத்தத்தில் அப்பா நின்றிருப்பார். எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிழல் கிடையாது; ஒரு கல் மட்டும் உண்டு. வண்டி வந்ததும் கண்டக்டரை நிமிர்ந்து பார்த்திருப்பார். கண்டக்டர் கையை விரித்திருப்பார். அந்த வண்டி போனபின், ஒருவேளை அடுத்ததில் வரும் என்று நின்றிருப்பாரா? இரண்டாவது வண்டி ஒன்றே காலுக்கு. புளிச்சோறு தொண்டையில் இறங்கவில்லை. பாதியை மடித்து வைத்தேன்.

மூன்றேகாலுக்கு டிராப்டு கைக்கு வந்தது. உறையில் எல்லாவற்றையும் வைத்து ஒட்டி, பக்கத்து அஞ்சலகத்துக்கு ஓடினேன். பதிவுத் தபால் சாளரத்தின் மரப்பலகை அப்போதுதான் இறங்கியது. கம்பிக்குப் பின்னாலிருந்த எழுத்தர் தலையசைத்தார். நான் நின்ற நிலையைப் பார்த்தோ என்னவோ, பலகையைச் சற்று உயர்த்தி, "ஜங்ஷன்ல ஆர்.எம்.எஸ். இருக்கு, போங்க. லேட் பீஸ் கட்டினா வாங்கிக்குவாங்க. ராத்திரி மெட்ராஸ் வண்டியிலேயே போயிடும்" என்றார்.

இரயில் நிலையங்களில் அஞ்சல்களைப் பிரித்து வண்டியில் ஏற்றும் பிரிவு அது. ஊர் அடங்கியபின்னும் அங்கு விளக்கு எரியும். தந்திகூட 2013-இல் நின்றுவிட்டது. பதிவுத் தபால் என்ற பெயரும் 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது. எனினும் அந்த எழுத்தர் பலகையை நான்கு விரற்கடை உயர்த்தியதை நான் மறக்கவில்லை.

அப்போது ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்: ஜங்ஷனுக்குப் போகாமல் முதலில் கடைக்குப் போனேன். ஆர்.எம்.எஸ். இரவுவரை திறந்திருக்கும் என்று தெரிந்தபின் செய்த காரியம் என்பதால், அதற்குப் பெரிய மதிப்பு ஒன்றும் இல்லை.

கடைக்காரர் இல்லை, சிறுவன் ஒருவன் இருந்தான். தாளைப் பார்த்து மூன்று வாசர்களை எடுத்து வைத்தான். ஒன்றும் வட்டத்தில் பொருந்தவில்லை. முதலாளி வரட்டும் என்றான். முதலாளி நாலரைக்கு வந்தார். என்னைக் கண்டதும், "காலையில உங்களுக்காக எடுத்து வெச்சேனே தம்பி. எங்க போயிட்டீங்க?" என்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். காலையில் தாளை ஒரு முறை பார்த்தே அளவை மனத்தில் வாங்கியிருக்கிறார். வட்டத்தின்மேல் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

மெயின்கார்டு கேட்டில் ஒன்றாம் எண் நகரப் பேருந்து ஏறினேன். திருவரங்கத்திலிருந்து மத்தியப் பேருந்து நிலையம் செல்லும் அந்த வண்டியில் திருச்சி முழுவதும் ஏறி இறங்கும்: பூக்கூடைக்காரி, கோர்ட்டு குமாஸ்தா, காந்தி மார்க்கெட்டில் வாங்கிய வாழைத்தாரோடு ஒருவர். பாலக்கரையில் வண்டி நின்றது. முன்னால் லாரி ஒன்று பழுதாகி நின்றதாம். சன்னல் வழியாக உலக மீட்பர் ஆலயத்தின் கோபுரம் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன், மலைக்கோட்டை தேன் நிறமாகியிருந்தது.

ஆர்.எம்.எஸ். அலுவலகத்தில் கண்ணாடி அணிந்த ஒருவர் உறையை நிறுத்து, தாமதக் கட்டணத்திற்கும் தலை ஒட்டச் சொல்லி, முத்திரையை ஓங்கி அடித்தார். மணி ஆறு. அந்தச் சத்தம் கேட்டபோது கால்கள் தளர்ந்தன. வெளியே வந்து ஒரு தேநீர் குடித்தேன்.

சத்திரம் திரும்பியபோது எங்கள் ஊர்க் கடைசிப் பேருந்து போய்விட்டது. இலால்குடி வரை ஒரு வண்டி கிடைத்தது. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், வாய்க்காற்கரை வழியாக நடை. நிலவு இல்லை. சட்டைப்பையில் வாசர். வழிநெடுக அப்பாவிடம் என்ன சொல்வது என்று கோத்துக்கொண்டே நடந்தேன். கடை திறக்கவில்லை என்று சொல்லலாம், பாதி உண்மை. கரண்டு போயிற்று என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். பேருந்து தாமதமாகச் சென்றது என்றும் சொல்லலாம். அன்று நடந்த எல்லாத் தாமதங்களும் எனக்குச் சாட்சி சொல்ல வரிசையாய் வந்து நின்றன.

ஊர் எல்லைப் பனைமரத்தருகே வந்தபோது சத்தம் கேட்டது. முதலில் நம்பவில்லை, நின்று கேட்டேன். எங்கள் கிணற்று மோட்டார். வெறும் இரைச்சல் அன்று. தண்ணீரை இழுக்கும் கனத்த ஓசை. இன்னும் சிறிது தூரம் சென்றதும், தொட்டியில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டது.

அப்பா அரிக்கேன் விளக்கோடு நாற்றங்கால் வரப்பில் நின்று மடை திருப்பிக்கொண்டிருந்தார். அருகில் சென்று வாசரை நீட்டினேன். வாங்கி விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"நல்ல தோல்தான். காலையில மாத்திக்கலாம். ராத்திரி கரண்டு இருக்கிறப்ப நிறுத்த வேணாம்" என்றார். பிறகு, "தபாலைப் போட்டியா?" என்று கேட்டார்.

"போட்டுட்டேன் அப்பா."

"ரசீது இருக்கா?"

எடுத்துக் காட்டினேன். விளக்கைத் தூக்கி அதை வாங்கிப் பார்த்தார். அப்பாவுக்குத் தம் பெயர் மட்டுமே எழுதப் படிக்கத் தெரியும். ஆயினும் நெடுநேரம் பார்த்தார். மடித்து என்னிடமே தந்தார். "பத்திரமா வை. போய்ச் சாப்பிடு" என்றார். காலையில் ஏன் அனுப்பவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கோத்து வைத்திருந்த விடைகளில் ஒன்றைச் சொல்லியிருப்பேன். கேட்காததால், கடை திறந்திருந்தது என்பதையும், பத்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள் என்பதையும் அவரிடம் நான் சொல்லவே இல்லை. அவர் வாழ்ந்த காலம் வரைக்கும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் உதவித்தொகை வந்தது. அம்மாவின் தோடு அம்மாவின் காதிலேயே இருந்தது.

ஆனால் மறுநாள் காலை நான் கண்டதைச் சொல்லவேண்டும். கிணற்றடியில், தொட்டிச் சுவரோரம் அப்பாவின் தோற்செருப்பு கிடந்தது. ஒரு காலுக்குரியது முழுதாக இருந்தது. மற்றொன்றின் குதிகால் பக்கத்தில் வட்டமாக ஒரு துண்டு அரிந்து எடுக்கப்பட்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் இரண்டாவது வண்டியையும் பார்த்துவிட்டு வந்து, பிற்பகலில் அரிவாள்மனையில் அறுத்து, கிணற்றுக்குள் இறங்கிப் பொருத்தியிருக்கிறார் என்று அம்மா சொன்னார்கள். நான் வாங்கி வந்த வாசரை அப்பா அன்று காலையிலேயே மாட்டினார். அறுத்த துண்டைத் திரும்பச் செருப்பில் வைத்துத் தைக்க முடியுமா என்று செம்மாரிடம் கொண்டுபோனேன். முடியாது என்றார். அந்த ஆண்டு அறுவடை முடியும்வரை அப்பா வெறுங்காலோடுதான் நடந்தார்.